ஊசி போட்டிருந்தும் வரவேற்புக்குப் போனவர்களுக்குக் கொரோனா வந்தது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேரும் தடுப்பூசி போட்டவர்கள், கடைசி ஊசி 2022-ல். போன வாரம் ஏ.சி. மண்டபத்தில் ஒரு வரவேற்பு. நானும் மனைவியும் தம்பியும் நான்கு மணி நேரம் இருந்தோம். மூன்றாம் நாள் மூவருக்கும் காய்ச்சல், சோதித்ததில் கொரோனா. வீட்டிலேயே தேறிவிட்டோம். டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பா வாசல் பக்கம் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பிவிட்டார், அவருக்கு வரவில்லை. தங்கை முழு நேரமும் எங்களோடுதான் இருந்தாள், அவளுக்கும் வரவில்லை. நான்கு மாதம் முன்பு அவளுக்கு ஒரு முறை வந்துபோயிருக்கிறது. ஊசி வேலை செய்யவில்லையா? அடுத்த மாதம் நெருங்கிய உறவில் கல்யாணம். அப்பா வராமல் முடியாது. என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

ஊசி வேலை செய்திருக்கிறது. மூன்று பேரும் ஆஸ்பத்திரி பக்கம் போகாமல் தேறியதில் அதற்குப் பங்கு உண்டு. நாம் அதனிடம் எதிர்பார்ப்பது இரண்டு காரியங்கள். வைரஸ் மூக்கில் ஒட்டி வளரவே விடாமல் தடுப்பது ஒன்று. வளர்ந்துவிட்டால் நுரையீரல்வரை போய் ஆளைச் சாய்க்காமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. கொரோனா ஊசியைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது பாதுகாப்பு நெடுநாள் நிற்கிறது. முதலாவது சில மாதங்களில் கரைந்துவிடுகிறது. 2022-ல் போட்ட ஊசியில் அந்த முதல் பாதுகாப்பு அநேகமாக மிச்சம் இல்லை. அதனால் அன்றைக்கு யாருக்குத் தொற்றும், யாருக்குத் தொற்றாது என்பதைப் பெரும்பாலும் அந்த மண்டபத்தின் காற்றும், அதில் ஒவ்வொருவரும் கழித்த நேரமும்தான் தீர்மானித்திருக்கும். வாசலோரம், அரை மணி நேரம் என்று அப்பாவைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த கல்யாணத்துக்கான யோசனையும் அங்கிருந்தே தொடங்கவேண்டும்.

ஊசி ஏன் மூக்கிலேயே தடுப்பதில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம். தோள்தசையில் போடும் ஊசி ரத்தத்தில், வைரஸைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பான்களை (ஆன்டிபாடி) நன்றாக உண்டாக்கும். மூக்கு, தொண்டையின் ஈரப்படலத்தில் காவலிருக்கும் எதிர்ப்பான் வேறு வகை, அது இந்த ஊசியால் மிகக் குறைவாகவே உண்டாகிறது. ஊசி போட்ட புதிதில் ரத்தத்திலுள்ள எதிர்ப்பான் அளவு மிக உயரமாக இருப்பதால் அதில் கொஞ்சம் மூக்குவரை கசிந்து காக்கிறது. அளவு இறங்க இறங்க அந்தக் கசிவும் வற்றிவிடும். பிறகு மிஞ்சுவது நினைவணுக்கள், அதாவது முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்கள். வைரஸை மறுபடி பார்த்ததும் அவை விழித்துக்கொள்ளும், ஆனால் போதுமான எதிர்ப்பான்களைத் தயாரித்து அனுப்ப நான்கைந்து நாள் பிடிக்கும்.

தட்டம்மை ஊசியோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 2 டோஸ் போட்டால் தட்டம்மைக்கு ஏறக்குறைய 97 சதவீதப் பாதுகாப்பு, பல பத்தாண்டுகளுக்கு. தட்டம்மை வைரஸ் உள்ளே போய்ச் சொறியாக வெளிப்பட இரண்டு வாரம் போலாகும் என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதற்குள் நினைவணுக்கள் எழுந்து வேலையை முடித்துவிடும். ஓமிக்ரான் வகைக் கொரோனா மூன்றே நாளில் காய்ச்சலாக நிற்கிறது. படை திரளும் முன்பே எதிரி திண்ணையில் உட்கார்ந்துவிட்டான், ஆனால் கூடத்துக்குள் நுழையும்போது படை வந்துவிடுகிறது. உங்கள் மூவருக்கும் நடந்தது இதுதான். இதற்கு மேல், எதிர்ப்பான்கள் பிடிக்கும் இடங்களை வைரஸ் மாற்றிக்கொண்டே வருவதால், பழைய வகையைக் கொண்டு செய்த ஊசி புதிய வகையைத் தடுப்பதில் இன்னும் பின்தங்கும்.

இங்கிலாந்தில் ஓமிக்ரான் பரவியபோது கணக்கிட்ட எண்களைப் பாருங்கள். ஃபைசர் ஊசி 2 டோஸ் போட்டவர்களுக்கு அறிகுறியோடு வரும் தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு, போட்ட 2 முதல் 4 வாரத்தில் 65.5 சதவீதம். 25 வாரம் தாண்டியதும் 8.8 சதவீதம். நம் ஊரில் கோவிஷீல்டு என்ற பெயரில் போட்ட ஆஸ்ட்ராஜெனிக்கா ஊசியின் 2 டோஸுக்கு 20 வாரத்துக்குப் பின் அளக்கும்படியான பாதுகாப்பே இல்லை. மூன்றாவது ஊசியாக ஃபைசர் போட்டபின் பாதுகாப்பு 60 சதவீதத்துக்கு மேல் ஏறியது, பத்து வாரம் கடந்ததும் 40 சதவீதத்தை ஒட்டி வந்தது. இவை சாதாரணத் தொற்றுக்கான எண்கள். ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குப் போவதற்கு எதிரான பாதுகாப்பு இந்த வேகத்தில் இறங்குவதில்லை.

இப்போது கூட்டத்துக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள நார்வேயில் நடந்த ஒரு விருந்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2021 நவம்பர் 26, ஆஸ்லோ. ஒரு நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் விருந்து, உணவகத்தில் சுமார் 145 சதுர மீட்டர் தனி அறை. மாலை 6 மணி முதல் இரவு 10.30 வரை அறை அவர்களுக்கு மட்டும், பிறகு பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். பின்னால் விசாரிக்கப்பட்ட 111 பேரில் 89 சதவீதத்தினர் ஃபைசர் போன்ற எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசி 2 டோஸ் போட்டவர்கள். மூன்றாவது ஊசி யாரும் போட்டிருக்கவில்லை. வருவதற்கு முன் வீட்டில் சோதித்துப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லப்பட்டிருந்தது. பெரும்பாலோர் நடுத்தர வயதுக்காரர்கள், நோயாளிகள் அல்ல. ஓமிக்ரான் அப்போது பரவிக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவர் அவர்களில் இருந்தார். முடிவில் 66 பேருக்கு உறுதியான தொற்று, 15 பேருக்கு அநேகமாகத் தொற்று. நூற்றுக்கு 74 பேர். தொற்றியவர்களில் ஒரே ஒருவரைத் தவிர எல்லாருக்கும் அறிகுறி, பெரும்பாலும் மூன்றாம் நாள் வாக்கில். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் எவரும் இல்லை.

உங்கள் வீட்டில் நடந்ததும் இதே வடிவம்தான்: மாதங்கள் கடந்த ஊசி, புதிய வகை வைரஸ், மூடிய அறை, பல மணி நேரம், சத்தத்துக்கு மேல் குரல் உயர்த்திப் பேச்சு.

‘எல்லாரும் டெஸ்ட் எடுத்துவிட்டுத்தான் வந்தார்கள்’ என்று நம்புவதும் சரிவராது. வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் 33 சுகாதாரப் பணியாளர்கள் ஒரு தனிக் கூட்டத்தில் கலந்துகொண்டார்கள். எல்லாரும் 3 ஊசி போட்டவர்கள், 36 மணி நேரத்துக்குள் சோதித்துத் தொற்று இல்லை என்று வந்தவர்கள். அவர்களில் 21 பேருக்கு ஓமிக்ரான் தொற்றியது. சோதனை, மாதிரி எடுத்த அந்த நிமிஷத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். நேற்று மாலை மூக்கில் அகப்படாத வைரஸ் இன்று மாலை மண்டபத்தில் நூறு மடங்காக இருக்கலாம். அறிகுறி தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஆள் பரப்பத் தொடங்கிவிடுகிறார். வீட்டுக் கிட்டின் திறனும் கணக்கில் எடுக்க வேண்டியது: பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், அறிகுறி உள்ள தொற்றாளர்களில் 73 சதவீதத்தினரையும், அறிகுறி இல்லாதவர்களில் 55 சதவீதத்தினரையும்தான் இந்த வகைக் கிட்டுகள் கண்டுபிடித்தன. அதனால் சோதிப்பதானால் முந்தைய நாள் எடுத்துப் பயனில்லை, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எடுங்கள்.

எல்லாரும் தடுமாறும் ஒரு கணக்கைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 2021 ஜூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராவின்ஸ்டவுன் என்ற கடலோர ஊரில் திருவிழாக் கூட்டம், டெல்டா வகை பரவியது. அந்த மாநிலத்தவரில் 469 பேருக்குத் தொற்று, அவர்களில் 346 பேர் முழுமையாக ஊசி போட்டவர்கள். ‘74 சதவீதம் ஊசி போட்டவர்கள், அப்படியானால் ஊசி வீண்’ என்று உலகமே பேசியது. நூறு பேர் கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள். 90 பேர் போட்டவர்கள், 10 பேர் போடாதவர்கள். போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குத் தொற்றினால் 18 பேர். போடாதவர்களில் பத்தில் ஆறு பேருக்குத் தொற்றினால் 6 பேர். மொத்தம் 24, அதில் 18 பேர் போட்டவர்கள், அதாவது 75 சதவீதம். ஊசி ஆபத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்திருக்கும்போதே எண் இப்படித்தான் தெரியும். பிராவின்ஸ்டவுன் தொற்றில் யாரும் இறக்கவில்லை, ஐந்து பேர்தான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆனால் ஊசி போட்டவர்களின் மூக்கிலும் மற்றவர்களுக்கு இணையான வைரஸ் அளவு தெரிந்ததால், ஊசி போட்டவர்களும் பரப்பக்கூடும் என்று அன்றே எடுத்துக்கொண்டார்கள்.

மண்டபத்தின் காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாம் பேசும்போது வெளிவரும் நுண்துளிகளில் பெரியவை ஓரிரு மீட்டருக்குள் கீழே விழும். மிகச் சிறியவை ஊதுபத்திப் புகைபோல மிதக்கும், மூடிய அறையில் மணிக்கணக்கில் தங்கும். உள்ளே போகும் வைரஸின் அளவு என்பது காற்றில் அது எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது, நீங்கள் எவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறீர்கள், எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்ற மூன்றின் பெருக்கல். சும்மா உட்கார்ந்திருப்பவர் மணிக்குச் சுமார் 500 லிட்டர் காற்றை இழுக்கிறார். நான்கு மணி நேரம் இருந்த நீங்கள் 2,000 லிட்டர், அப்பா 250 லிட்டர். எட்டில் ஒரு பங்கு. வாசலோரம் வெளிக்காற்று கலந்திருக்கும் என்பதால் அந்த 250 லிட்டரும் நீர்த்த காற்று.

அந்த நீர்த்தலை அளக்கவும் வழி இருக்கிறது. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 420 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) போல. நாம் விடும் மூச்சில் அது ஏறக்குறைய 40,000. அறையில் அதை அளக்கும் மீட்டர் 2,000 காட்டினால், கூடுதலான 1,580-ஐ 40,000-ஆல் வகுங்கள்: 4 சதவீதம். அதாவது நீங்கள் இழுக்கும் 25 மூச்சில் ஒரு மூச்சு, அங்கே இருக்கும் யாரோ விட்ட மூச்சு. 800 காட்டினால் நூற்றில் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் பொது இடங்களுக்குச் சொல்லும் அளவு ஓர் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக் காற்று. அது கிடைத்தால் மீட்டர் 900-ஐ ஒட்டி நிற்கும். 2 லிட்டர்தான் கிடைக்கிறதென்றால் 3,000-ஐத் தொடும். கையடக்க மீட்டர் வாங்குவதானால் அகச்சிவப்புக் கதிரால் அளப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவானவற்றில் பல கார்பன் டை ஆக்சைடை அளக்காமல், வேறு வாயுக்களைக் கொண்டு குத்துமதிப்பாக ஓர் எண்ணைக் காட்டும்.

மீட்டர் இல்லாவிட்டால் கண்ணும் மூக்கும் போதும். முகூர்த்தத்தன்று ஓமம் அணைந்து அரை மணியாகியும் புகையில் கண் கரிக்கிறதா? சாம்பிராணி வாசனை பந்திக்கூடம்வரை வந்து தங்கியிருக்கிறதா? அப்படியானால் அந்தக் காற்று வெளியே போகவில்லை. ஓமப்புகையை முன்னிட்டாவது காலையில் கதவு ஜன்னலைத் திறந்துவைப்பார்கள். மாலை வரவேற்பில் ஏ.சி. குளிர் வீணாகக்கூடாதென்று எல்லாவற்றையும் சாத்திவிடுவார்கள், கூட்டமும் அப்போதுதான் அதிகம். இரண்டில் ஒரு நிகழ்ச்சிக்குத்தான் அப்பாவைக் கூட்டிப்போக முடியும் என்றால் முகூர்த்தத்துக்குக் கூட்டிப்போங்கள்.

‘ஏ.சி. காற்றைச் சுத்தம் செய்யும்’ என்ற நினைப்பு தவறு. ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் அதே காற்றை இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி அனுப்புகிறது. வெளிக்காற்று ஒரு துளியும் வராது. 2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகர உணவகம் ஒன்றில், ஜன்னல் இல்லாத மாடியில், ஏ.சி. காற்று சுழன்ற வரிசையிலிருந்த மூன்று மேஜைகளில் 10 பேருக்குத் தொற்று. அந்தச் சுழற்சிக்கு வெளியே உட்கார்ந்தவர்களுக்கும் பரிமாறியவர்களுக்கும் வரவில்லை. அங்கே ஓர் ஆளுக்குக் கிடைத்த புதுக் காற்று நொடிக்கு 1 லிட்டர் போலத்தான். சென்ட்ரல் ஏ.சி. மண்டபங்களில் வெளிக்காற்றை எடுக்கும் திறப்பு இருக்கும், கரண்ட் செலவுக்காக அதை மூடிவைப்பதும் உண்டு. கல்யாண வீட்டார் நெருங்கிய உறவுதானே, மண்டப மேனேஜரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள்: ஃபிரெஷ் ஏர் திறந்திருக்குமா, எக்சாஸ்ட் ஃபேன்கள் நிகழ்ச்சி முழுக்க ஓடுமா? எதிரெதிர்ப் பக்கக் கதவுகள் இரண்டை முழுக்கத் திறந்து, ஒரு பக்கம் பெரிய பெடஸ்டல் ஃபேனை வெளிப்பக்கம் பார்க்க வைத்தாலே காற்று நகர ஆரம்பிக்கும். அதே ஃபேனைக் கூட்டத்தின் நடுவே, ஒருவர் மேல் பட்டு இன்னொருவர் மேல் வீசும்படி வைத்தால் குவாங்சோ கதைதான். ஏர் பியூரிஃபையர் வைப்பதானால் கணக்குப் போட்டு வையுங்கள். ஆஸ்லோ அறை அளவுக்கு 3 மீட்டர் உயரம் என்று கொண்டால் 435 கன மீட்டர். மணிக்கு 5 தடவை சுத்தக் காற்று வேண்டுமென்றால் 2,175 கன மீட்டர். வீட்டுக்கு வாங்கும் கருவி மணிக்கு 350 கன மீட்டர் கொடுத்தால் ஆறு ஏழு கருவிகள் வேண்டும். கல்யாண மண்டபத்துக்கு ஒன்றிரண்டு வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்பா ஓய்வெடுக்கும் அறைக்கு ஒன்று வைத்தால் முழுப் பலன்.

சத்தமும் ஒரு காரணி. குரல் உயர உயர வெளிவரும் நுண்துளிகள் பெருகும். மெல்லிசைக் குழுவின் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்தால் பேசுகிறவர் உங்கள் காதருகே குனிந்து கத்துகிறார், அவருடைய மூச்சு நேராக உங்கள் முகத்தில். பந்தியிலும் கவனியுங்கள். அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கச் சாப்பிடுகிறவரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்பார்கள், இலைக்கு மேல் குனிந்திருப்பவரின் தலைக்கு மேலேயே ஊர்க்கதை ஓடும். மாஸ்க் போட வழியில்லாத அந்த இருபது நிமிஷத்தில்தான் மண்டபத்திலேயே நெருக்கமும் அதிகம். அப்பாவுக்கு முதல் பந்தியில், ஜன்னலோர ஓரத்து இலை கேட்டு வாங்குங்கள். அல்லது சாப்பாட்டைத் தனியாக எடுத்துக்கொடுக்கச் சொல்லுங்கள். டயாலிசிஸ் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் அதுவே நல்லது.

எத்தனை பேர் வருகிறார்கள் என்பதும் சும்மா இல்லை. ஊரில் 200 பேருக்கு ஒருவர் தொற்றோடு நடமாடுவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 30 பேர் கூடும் நிச்சயதார்த்தத்தில் அப்படி ஒருவராவது இருக்க 14 சதவீத வாய்ப்பு. 100 பேர் கூடினால் 39 சதவீதம். 500 பேர் வரும் வரவேற்பில் 92 சதவீதம். ஆனால் ஒருவர் இருந்தாலே பரவும் என்றும் இல்லை. ஹாங்காங்கில் தொற்றுச் சங்கிலிகளைத் தொடர்ந்து பார்த்தபோது, உள்ளூர்ப் பரவலில் 80 சதவீதத்துக்குக் காரணமானவர்கள் தொற்றாளர்களில் 19 சதவீதம் பேர் மட்டுமே. மூடிய காற்றும் நீண்ட நேரமும் சேரும் இடத்தில் அப்படி ஒருவர் இருந்துவிட்டால் ஒரே ராத்திரியில் பலருக்கு வந்துவிடுகிறது.

தங்கைக்கு ஏன் வரவில்லை? நான்கு மாதம் முன்பு வந்துபோன தொற்று அவளுடைய மூக்குப் படலத்திலேயே காவலை உண்டாக்கியிருக்கும். பழைய ஊசியும் சமீபத்திய தொற்றும் சேர்ந்த பாதுகாப்பு, ஊசி மட்டும் தருவதைவிட வலுவானது. இனி உங்கள் மூவருக்கும் சில மாதம் அது இருக்கும். ஆயுளுக்கும் இருக்காது. இதற்காக யாரும் வேண்டுமென்றே தொற்றை வாங்கிக்கொள்ளவும் கூடாது.

அப்பாவின் நிலைமை வேறு. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஊசி போட்டாலும் எதிர்ப்பான் குறைவாகவே உண்டாகிறது, சீக்கிரமும் இறங்கிவிடுகிறது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், ரிட்டுக்சிமாப் போன்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள், கீமோவில் இருப்பவர்கள் இன்னும் பலவீனம். அதனால் அவரைப் பொறுத்தவரை ‘லேசாக வந்துபோகும்’ என்று விட முடியாது. இன்னொரு ஊசி போடலாமா என்று நெஃப்ராலஜிஸ்டிடம் (சிறுநீரக டாக்டர்) இந்த வாரமே கேளுங்கள். போட்டபின் பாதுகாப்பு ஏற இரண்டு வாரம் வேண்டும், கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு போட்டால் அந்த நாளுக்கு உதவாது. ஃப்ளூ ஊசிக்கும் இதே இரண்டு வாரக் கணக்கு, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அவருக்கு மாஸ்க் என்95, காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின் இரண்டு பட்டை போகும் வகை. மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி வளைத்து, வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கன்னத்தோரம் காற்று அடித்தாலோ கண்ணாடியில் ஆவி படிந்தாலோ இடைவெளி இருக்கிறது. தாடி இருந்தால் மழித்துவிடவேண்டும், இல்லையேல் பாதிப் பலன்தான். சர்ஜிக்கல் மாஸ்க் பக்கவாட்டில் திறந்துகிடப்பதால் மூடிய மண்டபத்துக்குப் போதாது. சாப்பிடும்போது கழற்றத்தான் போகிறோமே, எதற்குப் போடுவது என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் இருபது நிமிஷம் மட்டும் கழற்றினால், மீதி நேரத்துக்கு வடிகட்டிய காற்று. லிஃப்ட், கழிப்பறை, மேடை ஏறி வாழ்த்தும் வரிசை, இந்த மூன்று இடங்களில் கட்டாயம் இருக்கட்டும். அவரை வேனில் உறவுக்கூட்டத்தோடு அனுப்பவேண்டாம். கண்ணாடி ஏற்றிய வேனில் மூன்று மணி நேரம் போவது மண்டபத்தைவிட மோசம். தனிக் காரில், ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டுக் கூட்டிப்போங்கள். முந்தைய இரவு மண்டப அறையில் பத்துப் பேரோடு பாய் விரித்துப் படுப்பதும் வேண்டாம்.

திரும்பி வந்தபின் மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் எல்லாரும் கிட்டில் சோதியுங்கள். முதல் சோதனை இல்லை என்று காட்டினால் 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பதுதான் முறை, ஒன்றோடு நிறுத்தக்கூடாது. அந்த ஐந்து நாளும் அப்பா இருக்கும் அறையில் நீங்கள் மாஸ்க்கோடு இருங்கள், சாப்பாடு தனித்தனியாக. அவருக்கு லேசாகத் தொண்டை கரகரத்தாலும் அன்றைக்கே சோதித்துவிடுங்கள். வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால்தான் பயன். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அளவைக் குறைத்துத் தரவேண்டியிருக்கும், கொழுப்புக்கும் ரத்தம் உறையாமலிருக்கவும் எடுக்கும் மாத்திரைகள் சிலவற்றோடு அது ஒத்துப்போகாது. அவர் எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும் எழுதிய ஒரு தாளை டாக்டரிடம் இப்போதே காட்டி, ‘வந்தால் என்ன தருவீர்கள்?’ என்று கேட்டு வையுங்கள். டயாலிசிஸ் யூனிட்டுக்கும், தொற்று என்று தெரிந்தவுடன், அவரை அழைத்துக்கொண்டு போகும் முன்பே போன் செய்துவிடுங்கள். தனிப் படுக்கையோ கடைசி ஷிஃப்டோ ஒதுக்க அவர்களுக்கு நேரம் வேண்டும், பக்கத்துப் படுக்கைக்காரரும் உங்கள் அப்பாவைப் போலத்தான். தொற்று இருந்தாலும் டயாலிசிஸை ஒரு தடவைகூடத் தள்ளிப்போடாதீர்கள்.